முட்டளவு தண்ணீரில் நின்ற காரும் மற்ற கேள்விகளும்
வடசென்னை வாசகர்களின் கார் கேள்வி – பதில்

சார், மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்த என் பெட்ரோல் கார், சீட் மட்டம் வரை தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. தண்ணி வடிஞ்சாச்சு. "ஒரே ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்த்துடலாம்" என்கிறார் தெருமுனை மெக்கானிக். அடிக்கலாமா?
– வியாசர்பாடி வாசகர்

அடிக்காதீர்கள். சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்ப வேண்டாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் முட்டினால் பெரும்பாலும் இன்ஜின் இறுகி நின்றுவிடும், தப்பித்தோம். ஆனால் தண்ணீர் ஏறாத பக்கத்து சிலிண்டர் பற்றிக்கொண்டால் அந்த அடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். நனைந்த காரில் செலவை ஆயிரங்களிலிருந்து லட்சத்துக்குக் கொண்டு போவது வெள்ளத்தைவிட அந்த "ஒரே ஒரு செல்ஃப்"தான்.

முதலில் தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி, நம்பர் பிளேட்டோடு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வண்டியைத் தொடுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதம் அதில் வரும். ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் அது "பின்விளைவு" என்று தள்ளப்படும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுத்திருந்தால்தான் கை கொடுக்கும்.

அடுத்து, 10 மி.மீ. ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஈரமான கனெக்டருக்குள் கரண்ட் ஓடினால் பின்கள் சில நாளில் பச்சை பூத்து அரித்துவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ போவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதானால் மேனுவல் கியரை நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் ஃப்ளாட்பெட் லாரிதான், வேறு வழியில்லை.

இன்ஜினைப் பார்க்கிற வரிசை இது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். பேப்பர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ இன்ஜினைச் சுற்றவே கூடாது, முதலில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தொட்டியில் உள்ள சம்ப் போல்ட்டைக் கழற்றி வடிக்க வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். போல்ட் தளர்ந்ததும் அதுதான் முதலில் வரும். பிறகு ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சும். எங்காவது இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சுலபமாகச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. இன்ஜின் ஆயில் ஊற்றி, ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, காயில் இணைப்புகளை எடுத்துவிட்டு, பேட்டரி முனையை மாட்டி, பிளக் இல்லாமலேயே 5 விநாடி செல்ஃப் அடிக்கலாம். அதற்கு முன் செல்ஃப் மோட்டாரையும் கனெக்டர்களையும் காய வைத்திருக்க வேண்டும். இப்போது புது ஃபில்டர், விலை குறைந்த ஆயில், புது பிளக். 10 நிமிடம் ஐடிலில் ஓடட்டும். வடித்துப் பாருங்கள், இன்னும் பால் நிறம் இருந்தால் மறுபடி ஒரு முறை. சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஒரு தடவைக்கு 3 லிட்டர் சுமார் ஆகும், அதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

பலர் மறப்பது கியர்பாக்ஸை. அதற்கு மேலே மூச்சுக்குழாய் உண்டு. சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கியர் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். பின் டிரம் பிரேக்கைத் திறந்து சேற்றைக் கழுவுங்கள். உள்ளே சீட்டுகளைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்குங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. பேட்டரி முனையைக் கழற்றிப் பத்து நிமிடமாவது போகாமல் அவற்றில் கை வைக்க வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகும், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள். லேசாக வளைந்த ராடு நீளம் குறைந்துபோகும், பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு இறங்கித் தெரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சில மாதத்தில் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

2018 மாடல் கார் ஒன்று மலிவாக வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– எர்ணாவூர் வாசகர்

உங்கள் பகுதியில் அந்த வெள்ளம் மற்ற இடம் போல இல்லை. மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பரவியது, வீட்டுச் சுவரிலெல்லாம் கறுப்புக் கோடு விழுந்தது. காரிலும் விழுந்திருக்கும். பாடியில் துடைத்திருப்பார்கள். துடைக்க முடியாத இடங்களைப் பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் கறையோ சேறோ இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகளின் துரு, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு, முன் பம்பருக்கு உள்பக்கத்தில் கறுப்புப் பிசுக்கு. இவற்றில் இரண்டு இருந்தாலே விலகிவிடுங்கள்.

எண்ணெய்த் தண்ணீரில் நின்றதென்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கதவு பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றில் போடுகிற ரப்பர் வெயிலையும் சூட்டையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். பீடிங்கை விரலால் அழுத்திப் பாருங்கள்: அல்வா மாதிரி மெத்தென்று, அளவுக்கு மீறி நீண்டு தொங்கினால் எண்ணெய் குடித்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் டிரைவ் பெல்ட், பிரேக் ஷூ, பேட், கூலன்ட் ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டிய கணக்கில் வரும். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூடானதும் எண்ணெய் மறுபடி மேலே வந்து வழுக்கும்.

ஹார்பர் பக்கம்தான் வீடு. டிக்கியில் மீன் பெட்டி ஏற்றுவதும் உண்டு. நாலு வருஷ வண்டியில் துரு ஏறிவிட்டது. அடியில் ரப்பர் கோட்டிங் அடித்தால் போதுமா?
– காசிமேடு வாசகர்

துருவின் மேலேயே கோட்டிங் அடித்தால் துருவைப் போர்வைக்குள் படுக்க வைத்த மாதிரி. உப்பு தானே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழையே இல்லாவிட்டாலும் தகடு நனைந்தேதான் இருக்கும். கோட்டிங் ஒரு மயிரிழை வெடித்தாலும் அந்த ஈரம் உள்ளே போய்ச் சிறைபட்டு, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். கையால் தட்டும்போது கோட்டிங் மட்டும் நிற்கும், இரும்பு இருக்காது.

முதலில் கழுவும் தண்ணீரை மாற்றுங்கள். கடலோரத்துப் போர் தண்ணீர் உப்பு. அதில் தினமும் கழுவுவது தினமும் உப்புப் பூசுவதுதான். வாரம் ஒரு முறை இரண்டு பக்கெட் மெட்ரோ வாட்டர் போதும். அதில் ஒரு பக்கெட் வண்டிக்கு அடியிலும் சக்கர வளைவுகளின் உள் விளிம்பிலும் போக வேண்டும். மேலே பளபளப்பதைவிட அடி கழுவுவது முக்கியம்.

கதவின் அடி விளிம்பிலும் ரன்னிங் போர்டுக்கு அடியிலும் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஒரு கேபிள் டையை நுழைத்துக் குத்திவிடுங்கள். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் டிக்கி விரிப்புக்கு அடியில் ஓடி ஸ்டெப்னிக் குழியில்தான் தேங்கும். நாலு பக்கமும் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்று போட்டு அதன் மேல் பெட்டியை வையுங்கள். ஏற்றிய அன்றே அந்தக் குழியை நல்ல தண்ணீரில் துடைத்து, டிக்கியை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு வண்டியை மூடி வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும்.

ஏறிவிட்ட துருவுக்கு: கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். குத்தினால் ஓட்டை விழும் இடத்தை வெட்டி எடுத்து டிங்கர் கடையில் புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள். பட்டி போட்டு மூடுவது ஏமாற்று. மற்ற இடத்தில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவி, பாட்டிலில் போட்ட நேரம் காய விட்டு, எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, பிறகு பெயின்ட். ரன்னிங் போர்டு, கதவு போன்ற பெட்டி வடிவ இடங்களின் உள்ளே மெழுகு வகை ஸ்ப்ரேயை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். ரப்பர் மாதிரி அது வெடிக்காது. கீறல் விழுந்தாலும் தானே ஓடி மூடிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன் திரும்ப அடிக்க வேண்டும்.

பெட்ரோல் டேங்க் பக்கமாகப் பின்னால் ஓடும் பிரேக் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பாடியில் துரு அசிங்கம், பிரேக் பைப்பில் துரு உயிருக்கு ஆபத்து.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?
– தண்டையார்பேட்டை வாசகர்

கதவு, பானெட், கண்ணாடி, சீட், சக்கர ரிம், வைப்பர் மோட்டார்: தாராளமாக. டயனமோ, செல்ஃப் மோட்டார்: அங்கேயே பேட்டரியில் போட்டுச் சுற்றிக் காட்டினால். பிரேக், ஸ்டியரிங் ரேக், ஏர்பேக், சீட் பெல்ட், டைமிங் பெல்ட், பால் ஜாயின்ட்: இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அவற்றைப் புதிதாக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில்லோடு வாங்குங்கள். ரிம் வாங்கும்போது தரையில் உருட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் தள்ளாடும்.

38,000 கி.மீட்டரில் கிளட்ச் போய்விட்டது. கம்பெனி சாமான் தரமில்லை என்கிறார்கள். உண்மையா?
– திருவொற்றியூர் வாசகர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே தினமும் ஊர்கிற வண்டிக்கு 38,000 ஆச்சரியமில்லை. கிளட்ச் பிளேட் தேய்வது பாதி மிதித்து வைத்திருக்கும் நேரத்தில் மட்டும்தான். முழுக்க மிதித்தாலும் தேயாது, முழுக்க விட்டாலும் தேயாது. ஐந்து அடி ஊர்ந்து, நின்று, மறுபடி ஐந்து அடி என்று போகிறவர் ஹைவேயில் போகிறவரைவிடப் பல மடங்கு நேரம் அந்தப் பாதி நிலையில் இருக்கிறார். முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு இடம் விழட்டும், நியூட்ரலில் நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் முதல் கியரில் போய் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் உங்கள் கிளட்ச்சுக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. பேசின் பாலம் ஏற்றத்தில் கிளட்ச்சைப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது.

பிளேட் போய்விட்டதா என்று பார்க்க: சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் லேசாக ரேஸ் கொடுத்து கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். சத்தம் வந்தால் அதற்கும் ஒரு கணக்கு: பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இந்த வித்தியாசம் தெரியாமல் கிளட்ச் செட்டை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

மாற்றுவதானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக. கூலி முழுக்க கியர்பாக்ஸை இறக்குவதற்குத்தான். பேரிங்கை மிச்சம் பிடித்தால் அதே கூலியை இரண்டாவது தடவை கொடுப்பீர்கள். ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகளோ வெடிப்போ இருந்தால் லேத்தில் ஃபேஸ் போட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் புதுப் பிளேட் போட்டால் முதல் கியரில் வண்டி நடுங்கும். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிளேட் மாட்டும் ஷாஃப்ட்டின் பல்வரியில் (ஸ்ப்ளைன்) கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். அதிகமானால் தெறித்துப் பிளேட்டில் படும். கவர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். முதல் 500 கி.மீ. மென்மையாக ஓட்டுங்கள்.

2014 மாடல் பெட்ரோல் கார். இ20 வந்த பிறகு மைலேஜ் 16-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. பெட்ரோல்தானே காரணம்?
– பெரம்பூர் வாசகர்

ஒரு பகுதிக்கு மட்டும். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தி குறைவு. பழைய இன்ஜின்களுக்கு இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே சொல்கிறது. உங்கள் 16-ல் அது 1 கி.மீ. சுமார். அதாவது 15 வர வேண்டும். காணாமல் போன மற்ற 2 கி.மீ.-யை வேறு இடத்தில் தேடுங்கள்.

டேங்க் நிரம்ப அடித்து, மறுபடி நிரம்ப அடிக்கும் வரை ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து மூன்று முறை பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பிறகு டயர் காற்று. பிறகு 5 கி.மீ. ஓட்டிவிட்டு நாலு சக்கர ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து இசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். உங்கள் வயது வண்டிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது என் ஊகம்.

பழைய வண்டிக்கு இ20-ஆல் வரும் உண்மையான தொல்லை ரப்பர். ஃப்யூயல் ஹோஸ்களை வருஷத்துக்கு ஒரு தடவை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். வேறு பெட்ரோல் இல்லாத பங்க்குகளில் மக்கள் தேர்ந்தெடுக்க வழியே இல்லாமல் போனது சரியில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் கோபம் நியாயமானது.

சோழவரத்தில் கார் ரேஸ் நடந்ததாக அப்பா சொல்கிறார். நிஜமா? ஏன் நின்றது? 2024-ல் தீவுத்திடலில் நடத்தியதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
– செங்குன்றம் வாசகர்

நிஜம்தான். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் 1980-கள் வரை பந்தயம் நடத்தியது. நாட்டின் பெரிய ஓட்டுநர்கள் எல்லாம் சோழவரம் வந்தவர்கள். ஆனால் ஓடுதளம் ஓடுதளம்தான்: நீள நேர்பாதை, அதன் முடிவில் கூர்மையான திருப்பம், வழுக்கினால் வண்டியை வாங்கிக்கொள்ள இடமில்லை. கார்களின் வேகம் ஏற ஏற அது ஆபத்தானது. கிளப் தனக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. தடத்தைக் கட்டி 1990-ல் திறந்தது. அதோடு பந்தயம் வடக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருத்தடத்தில் நடந்த இரவுப் பந்தயம் பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. பந்தயத்தையே பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் அன்று பார்த்தார்கள். ஆனால் தெருத்தடம் இரண்டு நாளில் பிரிக்கப்பட்டுவிடும். ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் பயனில்லை. எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் வென்ற அணி அந்தப் பெயரில் ஓடியது. அசோக் லேலண்ட் எண்ணூரில். என்ஃபீல்டு திருவொற்றியூரில். வண்டிக்கு வேண்டிய எல்லாம் செய்யும் இந்தக் கரையில் பிள்ளைகள் ஓட்டிப் பழக ஒரு நிரந்தர கார்ட்டிங் தடமாவது வேண்டும். அது வரும் வரை, மணலி சாலையில் ராத்திரி பைக் விடுகிற பையன்களை யாராவது ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். ஹெல்மெட், மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கிற இடத்தில் வேகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

எஃப்1-ல் 2026 விதிகளில் எம்ஜியு-எச்சை ஏன் எடுத்தார்கள்?
– கொளத்தூர் வாசகர்

டர்போவோடு சேர்ந்து சுற்றி, புகைச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்த கருவி அது. அற்புதமான பொறியியல், ஆனால் பயங்கரச் செலவு. சாலைக் காருக்கும் பெரிதாக உதவவில்லை. புதுக் கம்பெனிகள் உள்ளே வர அதுதான் பெரிய தடையாக இருந்தது. எடுத்ததும் ஆடி (Audi) கம்பெனி வந்தது. ஈடுகட்ட, பின் சக்கரத்தை இயக்கும் மின் மோட்டாரை 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏற்றிவிட்டார்கள்; கிட்டத்தட்ட பாதிச் சக்தி மின்சாரம். சிக்கல் பேட்டரியில்தான்: நீள நேர்பாதையில் சார்ஜ் தீர்ந்தால் கார் தானே வலு இழக்கும். ஓட்டுநரின் வலது காலைவிட அவர் சார்ஜைச் சேமிக்கும் கணக்கு முக்கியமாகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் சூடு. கேஸ் அடிக்கச் சொல்கிறார்கள்.
– ராயபுரம் வாசகர்

கேஸ் ரொம்பக் குறைவென்றால் ஓடும்போதும் சரியாகக் குளிராது. நிற்கும்போது மட்டும் என்றால் பெரும்பாலும், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்குக் காற்று போகவில்லை. ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில். அதிவேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர். ஃபேன் சரியென்றால் கண்டென்சரின் இடுக்குகளில் தூசி. துறைமுகப் பக்கத்து நிலக்கரித் தூசி மழையில் சேறாகி ஒட்டிவிடும். தோட்டத்துக் குழாய் அழுத்தத்தில், ரேடியேட்டர் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

கேஸ் அடிக்கத்தான் வேண்டும் என்றால், எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்த பிறகு, 30 நிமிடம் வேக்கம் எடுத்து (குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி), பானெட் ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவுக்குத் தராசில் எடை பார்த்து அடிக்க வேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்" என்று சொன்னால் எடுக்கச் சொல்லுங்கள். கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசரும் திணறும்.